மாமன் கொண்டுவந்த பெட்டி

நெல்லிக்கொல்லையில் ராஜவேலுவுக்குக் கம்ப்யூட்டர்காரன் என்றுதான் பெயர். மலைப் பஸ்ஸை விட்டு இறங்கி அக்கா வீட்டுக்கு நடக்கிற வழியிலேயே இரண்டு மூன்று பேர் செல்போனை நீட்டிவிடுவார்கள். ஒன்றில் சத்தம் வராது, இன்னொன்றில் படம் ஓடாது. அவன் வாங்கிப் பார்த்து, புருவத்தைச் சுருக்கி, அணைத்துவிட்டு மறுபடி போட்டுக் கொடுப்பான். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகிவிடும். சரியாகாததற்கு, "மலையில டவர் சரியில்லபா" என்பான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. யாருக்கும் அதில் குறையில்லை.

ஆனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கிடங்கில் ராஜவேலு பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர்ப் பெட்டிகள்தான், அந்த மட்டுக்கும் அவன் சொன்னது பொய்யில்லை. வேலைக்குப் போன புதிதில் அக்கா புருஷன் வீரன் போனில் "இன்னா வேல மச்சான்?" என்று கேட்க, "கம்ப்யூட்டர் கம்பெனி மாமா" என்றான். மேலே ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும். சேர்க்கவில்லை. அந்தப் பாதி வார்த்தை மலையேறிப் போய்ச் சேர்வதற்குள் குட்டி போட்டுவிட்டது. அடுத்த பொங்கலுக்கு வந்தபோது, ஊரே அவனை ஏசி ரூமில் உட்கார வைத்திருந்தது. இறங்க மனம் வரவில்லை. அவன் மனைவி அருணாவுக்கு எல்லாம் தெரியும். மலைக்கு வந்தால் அவளும் இந்தப் பேச்சு எழும்போது தண்ணீர் மொள்ளப் போய்விடுவாள்.

இதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்றும் இருந்தது. அக்கா மகள் அபிநயா வயசுக்கு வந்தபோது தாய்மாமன் அவன்தான் தழை வெட்டிவந்து குடிசை கட்டியிருக்க வேண்டும். கிடங்கில் லீவு கொடுக்கவில்லை. அவன் பங்காளி வகையில் சடையன் கட்டினான். அக்கா சம்பூர்ணம் அதைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

இப்போது அபிநயா பி.காம். முடித்துவிட்டாள். மாசி மாதம் புளி உலுக்கிக்கொண்டிருக்கும்போது அக்கா போன் செய்தாள்.

"தம்பி, பாப்பாவுக்கு வூட்லருந்தே வேலயாம்டா. எதோ கம்பெனிக்கு பில்லுங்கள ஏத்தணுமாம். திங்கக்கெழம ஆரம்பிக்கணும். லேப்டாப்பு அவங்க தர மாட்டாங்களாம், நாமதான் வச்சிருக்கணுமாம்."

"அதுக்கு இன்னாக்கா, வாங்கிட்டா போச்சி."

"எது நல்லதுன்னு உனுக்குத்தான் தெரியும். உங்க மாமா இன்னா சொல்றாருன்னா, இந்த வேல அமையலன்னா பக்கத்து வூட்டு கெங்கம்மா பொண்ணுங்களோட சேத்து திருப்பூருக்கு அனுப்பிடலாம்ன்றாரு. எனுக்கு மனசு வரலடா. ஒத்தப் பொண்ணு."

"திருப்பூரும் வேணாம் ஒண்ணும் வேணாம். இது என் சீருக்கா. சடங்குக்கு வராத சீரு இப்ப வருதுன்னு மாமா கிட்ட சொல்லு."

சொல்லும்போதே அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலை வேலூரில் அபிநயாவைக் கடைக்குக் கூட்டிப்போனான். வீரனுக்குப் புளி வேலை, வரவில்லை. கடைக்குள் ஏசி குளிர்ந்தது. வரிசையாகத் திறந்து வைத்த லேப்டாப்புகளில் மயிலும் மலையும் மின்னின. விற்கிற பையன் டை கட்டியிருந்தான்.

"இன்னா யூஸுக்கு சார்?"

"வூட்டு யூஸுக்குத்தான்பா. பாப்பா வூட்லருந்து வேல செய்யப் போவுது."

பையன் வாய் ஓய்வில்லாமல் சொன்னான். ராம் இவ்வளவு, பேட்டரி இவ்வளவு நேரம், இதற்கு எடை கம்மி, அதற்குத் திரை பெரிசு. ராஜவேலு ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். ஒன்றும் ஏறவில்லை. பக்கத்தில் நின்ற அபிநயா ஏதோ கேட்க வாயெடுப்பதும் அவனைப் பார்த்து அடக்கிக்கொள்வதுமாக இருந்தாள்.

அப்போதுதான் அலமாரியின் மேல்தட்டில் அந்தப் பெட்டியைப் பார்த்தான். பழகிய முகம் ஒன்றைக் கூட்டத்தில் கண்டதுபோல இருந்தது. பக்கவாட்டில் வண்ணம் எதுவும் இல்லாமல் வெறும் வெள்ளைச் சீட்டு ஒட்டிய பெட்டி. கிடங்கில் அவன் தோளில் அதிகம் ஏறி இறங்கியது இந்த ஜாதிதான். வண்ணச் சீட்டு ஒட்டியவை பத்தும் இருபதுமாகச் சில்லறைக் கடைகளுக்குப் போகும். வெள்ளைச் சீட்டுப் பெட்டிகளோ லாரி லாரியாக, கண்ணாடி மாளிகை வைத்திருக்கிற பெரிய ஆபீஸ்களுக்குப் போகும். விவரம் தெரிந்தவன் எதை லாரிக் கணக்கில் வாங்குவானோ அதுதானே நல்ல சரக்கு? இத்தனை வருஷம் சுமந்ததில் அவனாகக் கண்டுபிடித்த ஒரே கம்ப்யூட்டர் ஞானம் இது. இதைச் சொல்லிக்கொள்ள இன்றுதான் வாய்த்தது.

"அத எடுப்பா."

"சார், அது ஆபீஸ்காரங்க வாங்கறது. அதுல விண்டோஸ் வராது. அவங்க ஆளுங்களே மொத்தமா போட்டுக்குவாங்க."

"எனுக்குத் தெரியாதா? தெனமும் அதுலதான்பா கெடக்குறேன்."

பையன் உடனே மரியாதையானான். "ஓ, சார் அதே ஃபீல்டா! அப்ப உங்களுக்கு ஒண்ணுமில்ல சார், போட்டுக்குவீங்க."

அபிநயா அவன் சட்டைக் கையை மெல்லப் பிடித்தாள். "மாமா, கம்பெனில விண்டோஸ்தான் இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. அது போட்டு வர்றதே வாங்கிடலாமே."

"நீ சும்மா இரு பாப்பா. மாமா போட்டுக்கலாம்னு சொல்றேன்ல."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அவன் நினைப்பில் அது சிம் போடுகிற மாதிரி ஒரு சின்ன வேலை. கிடங்கு ஆபீஸில் விஜயராஜ் என்று ஒருவன் உண்மையாகவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன். அவனுக்குப் போன் போட்டால் இதை அமுக்கு, அதை அமுக்கு என்று சொல்லிவிடுவான், முடிந்தது. ஆலங்காயத்தில் மலைப் பஸ் ஏறுவதற்குள் விஜயராஜை ஓயாமல் கூப்பிட்டுப் பார்த்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தானோ. பஸ் மலையேறத் தொடங்கியதும் டவரும் போய்விட்டது. பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ராஜவேலு வேர்த்தான். ஜன்னலில் நல்ல குளிர்காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

வீட்டு வாசலில் புளி மலையாகக் குவிந்து கிடந்தது. ஓடு தட்டிய பழத்தைச் சாக்கில் கொட்டி, கெங்கம்மாளும் இன்னும் நாலு பெண்களும் கல்லில் வைத்துச் சுத்தியால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்றெல்லாம் புளிப்பு. மாமன் வந்ததும் சுத்திச் சத்தம் நின்றது. சம்பூர்ணம் விரல்களில் ஒட்டிய புளியை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், அதன்மேல் பெட்டி. சீர் என்று சொல்லிவிட்டான் அல்லவா, அதனால் சும்மா உள்ளே கொண்டுபோக விடவில்லை. கற்பூரம் காட்டினார்கள். ரேஷன் கடை சக்கரவர்த்தி சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். சடையன் வந்தான். குடிசை கட்டிய சடையன் வந்து நின்றதும் ராஜவேலுவுக்கு முதுகெலும்பு தானாக நிமிர்ந்தது.

"தொற மச்சான், பாக்கலாம்" என்றான் வீரன்.

"இருங்க மாமா, கை கழுவிகினு வந்துர்றேன்."

ஊருக்குள் டவர் கிடைத்தது. தொட்டிப் பக்கம் போய் இன்னொரு முறை விஜயராஜைக் கூப்பிட்டுப் பார்த்தான். இல்லை. கையைக் கழுவினான், முகத்தையும் கழுவினான். வந்து பெட்டியைப் பிரித்து, திறந்து, பொத்தானை அமுக்கினான். உள்ளே விளக்கு எரிந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். திரை கருப்பாக வந்தது. அதில் வெள்ளையாக ஒரு வரி, அதன் முனையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டுச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மயிலும் இல்லை, மலையும் இல்லை.

"படம் வரலயே" என்றார் சக்கரவர்த்தி.

"வரும் வரும்." அணைத்துவிட்டு மறுபடி போட்டான். ஊரில் எல்லா வியாதிக்கும் அவன் கொடுக்கிற மருந்து அது. மறுபடியும் அதே கருப்பு, அதே கோடு.

"ஏம்பா, புதுசுதான?" என்றான் சடையன். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் கெங்கம்மாள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்புதான் அவனை உந்தியது. இன்ன வார்த்தை வரப்போகிறது என்று அவனுக்கே தெரியாது. வந்துவிட்டது.

"பாப்பா, நான் கை கழுவப் போனப்ப இதுல எதனா அமுக்கினியா?"

பெட்டியைப் பிரித்ததே அவன் வந்த பிறகுதான். அங்கே நின்ற யாரும் அதை யோசிக்கவில்லை. விவரம் தெரிந்தவன் கேட்டால் கேள்வியே தீர்ப்பாகிவிடுகிறது. எல்லா முகமும் அபிநயா பக்கம் திரும்பியது. அவள் மாமனை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் தாங்காமல் திரைக்குள் குனிந்தான்.

"ஆமா மாமா. அப்ப இல்ல, பஸ்ஸுலயே தொறந்து பாத்தேன். தெரியாம அமுக்கிட்டேன்."

சம்பூர்ணத்தின் கை மகள் முதுகில் பளாரென்று இறங்கியது. "ஏண்டி, உனுக்கு அவ்ளோ அவசரமா? மாமன் ஆசயா கொண்டாந்தத மொதல் நாளே கெடுத்து வச்சியே!"

"மூணு வருசம் காலேஜுக்குப் போயி இதான் கத்துகினு வந்தியா?" என்றான் வீரன். "உனுக்குலாம் வூட்ல ஒக்காந்து செய்ற வேல எதுக்கு? திருப்பூருக்கே போ."

"வுடுங்க மாமா, சின்னப் பொண்ணு. நாளைக்கி சரி பண்ணிடலாம்" என்றான் ராஜவேலு. பெருந்தன்மை வேறு. அதைச் சொன்னதற்காக அவனையே அவன் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தைச் செய்தவன் பாயில் உட்கார்ந்து காப்பி குடித்தான். பழியைச் சுமந்தவள் போய்க் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து புளி தட்டினாள். அவள் தட்டிய ஒவ்வொரு தட்டும் அவனுக்குக் கேட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் மாமனும் மருமகளும் ஆலங்காயத்துக்கு இறங்கினார்கள். அங்கே சிவசங்கர் என்பவன் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். ஞாயிறு ஆனாலும் பாதிக் கதவு திறந்திருந்தது. லேப்டாப்பை வாங்கித் திறந்ததுமே சிரித்தான்.

"ஒண்ணும் கெடலயே இது. உள்ள ஓ.எஸ். இல்ல, அவ்ளோதான். வண்டி வாங்கிகினு டிரைவர் இல்லாம நிக்கற மாதிரி. யாருங்க இத செலக்ட் பண்ணது? வூட்டுக்கு வாங்கறவங்க இத வாங்க மாட்டாங்களே."

ராஜவேலு வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள் கடைக்கு வெளியே போகிற பஸ்ஸின் ஹாரன்தான் போனது.

"நான்தாங்க" என்றாள் அபிநயா. "விவரம் தெரியாம எடுத்துட்டேன்."

"சரி வுடும்மா. இன்னா போடட்டும்? லினக்ஸ்னு ஒண்ணு கீது, காசே கெடையாது. வூட்டு யூஸுக்கு, பாட்டு கேக்க, படம் பாக்க, எழுத, அதுவே போதும். வைரஸ் தொல்ல கம்மி. விண்டோஸ்னா ஒரிஜினல் போடணுமா, இல்ல எல்லாரும் போடுறாப்பல திருட்டு காப்பி போடட்டுமா?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "திருட்டு காப்பி வேணாங்க. கம்பெனில உள்ள நுழையறப்ப செக் பண்ணுவாங்களாம், மாட்டிக்கினா வேல போய்டும். ஒரிஜினல் விண்டோஸ் போடுங்க. ஒரு ஓரமா லினக்ஸும் போட முடியுமாங்க? ஸ்கூல்ல சீனியர் அக்காங்களுக்குக் குடுத்த லேப்டாப்புல ரெண்டும் இருந்திச்சி, நான் பாத்திருக்கேன். வேலைக்கு ஒண்ணு, அப்பாவும் அம்மாவும் பொழங்கறதுக்கு ஒண்ணு. அவங்க எதனா அமுக்கினா என் வேல கெடாது பாருங்க."

'அமுக்கினா' என்ற சொல்லில் ராஜவேலு தலையைக் குனிந்துகொண்டான். அவள் குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்கு நேற்று அந்தக் கருப்புத் திரையைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்திருக்கிறது. நேற்று என்ன, வேலூரில் சட்டைக் கையைப் பிடித்தபோதே தெரியும். தெரிந்தேதான் முதுகில் வாங்கியிருக்கிறாள். கடைச் சுவரில் சாய்ந்து நின்றவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரிஜினலுக்கு ஆகிற காசை அவன் கொடுத்தான். அது ஒன்றுதான் அவனால் செய்ய முடிந்தது, அதுவும் பெரிய காரியமாகத் தெரியவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் பேசிவிடுவது என்று முடிவு செய்தான். முதல் கொண்டை ஊசி வளைவில், "பாப்பா" என்றான்.

"பேசாதீங்க மாமா, எனுக்கு வாந்தி வரும்" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு இந்த மலைப் பாதையில் வாந்தி வந்து அவன் பார்த்ததே இல்லை.

பொழுது சாய வீட்டுக்குப் போய்த் திறந்தபோது நீலமாக, பளபளவென்று திரை வந்தது. வாசல் முழுக்க ஒரே மகிழ்ச்சி. அபிநயா தன் செல்போனிலிருந்து நெட் கொடுத்து, கம்பெனிப் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தாள். உள்ளே விட்டது. நாளைக்கு வேலை உண்டு. கெங்கம்மாள், "கம்ப்யூட்டர்காரன்னா சும்மாவா? ஒரே நாள்ல சரி பண்ணிட்டான் பாரு" என்றாள். நேற்றுச் சிரித்த அதே வாய்.

சம்பூர்ணம் வளர்த்த சேவலை அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். சாமைச் சோறு ஆவி பறந்தது. வீரன், ராஜவேலு, அபிநயா மூவரும் உட்கார, சம்பூர்ணம் பரிமாறினாள். அந்த வீட்டில் கோழி அடித்தால் ஈரல் மாமனுக்கு. அவன் சடங்குக்கு வராமல் போன அந்த வருஷம்கூட, பிறகு வந்தபோது ஈரல் அவன் தட்டில்தான் விழுந்தது.

சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, ஈரலுக்காகச் சட்டியில் கரண்டியை விட்டாள் சம்பூர்ணம். அந்த நேரம் பார்த்து வீரன் மகளிடம் சொன்னான்: "த பாரு, இனிமே எதுவா இருந்தாலும் மாமன கேட்டுத்தான் அதுல கை வைக்கணும். நேத்து மாரி உன் இஷ்டத்துக்கு அமுக்கின, அப்பறம் மனுசனா இருக்க மாட்டேன்."

"சரிப்பா" என்றாள் அபிநயா.

அந்தச் 'சரிப்பா'வைக் கேட்டதும் ராஜவேலு எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான்.

"மாமா, நான் கம்ப்யூட்டர் வேல பாக்கல. கிடங்குல பெட்டி தூக்கறேன். எனுக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டான். இத்தனை வருஷமாகக் காத்த மானம் தரையில் கொட்டிவிட்டதென்று நினைத்துத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். வீரன் எலும்பைக் கடித்து உறிஞ்சி, தட்டோரம் வைத்தான்.

"தெரியும்."

ராஜவேலு நிமிர்ந்தான்.

"நீ வந்தா தொட்டிகிட்ட சட்டய கழட்டிட்டுத்தான குளிக்கற? எடது தோளு காச்சிப்போயி கீது. ஒக்காந்து வேல செய்றவனுக்குத் தோளாடா காய்க்கும்? வருசா வருசம் புளி மூட்ட தூக்கறவன் கண்ணுக்கு அது கூடவா தெரியாது?"

"அப்பறம் ஏன் மாமா கேக்கவே இல்ல?"

"நீயா சொல்லாதத நாங்க ஏன் கேக்கணும்? தூக்கறது இன்னா திருட்டா? நாங்க இன்னா தூக்காம சாப்புடறமா?" என்றான் வீரன். பிறகு கையை உதறிவிட்டு அவனையே பார்த்தான். "அது கெடக்கட்டும். பெட்டி தூக்கினாலும் வெவரம் தெரியும்னு நெனச்சேன். தெரியாதுன்றியே, அப்ப நேத்து பாப்பா அமுக்குச்சின்னு எப்பிடிச் சொன்ன?"

மறைத்துவைத்த வெட்கம் ஒன்றுமில்லாமல் போனது. அந்த இடத்தில் இந்த வெட்கம் வந்து உட்கார்ந்தது. ராஜவேலுவுக்குக் காது சுட்டது. அடுப்பில் விறகு வெடித்தது.

"அவ ஒண்ணும் அமுக்கல மாமா. பெட்டிய நான் வர்ற வரைக்கும் யாருமே பிரிக்கல. அந்தப் பொண்ணு கடையிலயே சொல்லிச்சி, இது வேணாம்னு. நான்தான் பெரிய இவனாட்டம் வாய மூடச் சொன்னேன். நேத்து எல்லாரும் சுத்தி நிக்கறாங்க, கெங்கம்மாக்கா சிரிக்கறாங்க... அவ மேல போட்டுட்டேன்."

சம்பூர்ணம் தன் வலது கையைப் பார்த்தாள். கரண்டி பிடித்திருந்த கை, நேற்று மகள் முதுகில் இறங்கிய கை.

"நீ ஏண்டி ஆமான்னு சொன்ன?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"பின்ன இன்னா சொல்லணும்ன்ற?" என்றாள் அபிநயா. நேற்றிலிருந்து முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது. "சடங்குக்கு உன் மாமன் வரலியான்னு இந்த ஊரு இன்ன வரைக்கும் என்னைக் கேக்குது. ஒரு தடவதான் சீரு கொண்டாந்தாரு. அன்னிக்கும் அவரு ஊரு முன்னால தல குனிஞ்சி நின்னா, அது எனுக்குத்தான அசிங்கம்? அடி வாங்கினா போவுது, ஒரு நாளு வலிக்கும்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்துச் சொன்னாள்: "ஆனா மாமா, ஆலங்காயத்துலயாச்சும் நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."



சம்பூர்ணம் சட்டிக்குள் துழாவி ஈரலை எடுத்தாள். கரண்டி அவன் தட்டைத் தாண்டிப் போனது. மகள் தட்டில் அதை வைத்துவிட்டு, இடது கையால் அவள் முதுகை ஒரு முறை நீவிக்கொடுத்தாள். "சாப்புடுமா" என்றாள். அபிநயா மறுக்கவில்லை. மாமனைப் பார்க்கவும் இல்லை. பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

ராஜவேலு வெறும் குழம்பைப் பிசைந்து தின்றான். கண்ணில் நீர் முட்டியது, காரம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இனிமேல் எதையும் அப்படிச் சொல்லிக்கொள்ள அவனுக்குத் துணிச்சல் இல்லை. வழிந்தது வழியட்டும் என்று விட்டான்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டாடா?" என்று அக்கா கேட்டாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. சடங்குக்கு வராமல் போனபோதும் இருந்ததில்லை.

"போடுக்கா" என்றான்.